வன்னிக்கு வந்த வானொலிப் பெட்டிகள்

2002ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில் கொழும்பு அரசியல் வட்டாரங்களில் ஓர் இறக்குமதிப் பொதியைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. பொதிக்குள் இருந்தவை ஆயுதங்கள் அல்ல. வானொலி ஒலிபரப்புக் கருவிகள். அவை சென்று சேரவேண்டிய இடம் கிளிநொச்சி. சென்று சேரவேண்டியவர்கள் விடுதலைப் புலிகளின் வானொலியான 'புலிகளின் குரல்' நிலையத்தார். ஆனால் இறக்குமதி ஆவணங்களில் பெறுநராகக் குறிக்கப்பட்டிருந்தது கொழும்பிலுள்ள நோர்வேத் தூதரகம். ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க, அப்போது நோர்வேயின் பிரதமராக இருந்த செல் மக்னே பொண்டவிக்குக்கு நேரடியாகவே கடிதம் எழுதி ஆட்சேபம் தெரிவித்தார். சமாதானப் பேச்சுக்கு அனுசரணை வழங்கும் நாடு ஒரு தரப்புக்குப் பொருள் தருவித்துக் கொடுப்பது முறையாகுமா என்பது அவருடைய கேள்வி. இலங்கை அரசாங்கத்தின் சமாதானச் செயலகம் கேட்டுக்கொண்டபடியாலேயே தாம் உதவியதாக நோர்வேத் தரப்பு பதிலளித்தது.

இறைமை, நடுநிலை, இராஜதந்திரச் சலுகை என்றெல்லாம் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. அவை எழுதப்பட வேண்டியவைதான். எனினும் அந்தச் சர்ச்சையின் அடியில் மிகச் சாதாரணமான ஒரு கேள்வியும் கிடந்தது. வன்னியில் இருக்கும் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் ஒலிக்கருவி வரவேண்டுமானால், அதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? யாருடைய பெயரை எழுதுவது?

இணையத்தில் பொருள் வாங்கும் வாசகர்களுக்குப் பொதிகளை மாற்றி அனுப்பும் நிறுவனங்களைத் தெரிந்திருக்கும். பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ உள்ள கடைக்காரர் இலங்கைக்கு அனுப்ப மறுப்பார். இடையில் நிற்கும் நிறுவனம் அந்நாட்டில் உங்களுக்கு ஒரு விலாசத்தைத் தரும். பொருள் முதலில் அங்கே போகும். பிறகு அவர்கள் அதை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். சுருங்கச் சொன்னால், கட்டணம் செலுத்தி ஒரு விலாசத்தை இரவல் வாங்குவது. வன்னியைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு இணையத்துக்கு மிகவும் முந்தியது. நிறுவனங்களின் இடத்தில் அன்று வெள்ளவத்தையில் இருந்த சித்தப்பாவும், வவுனியாவில் கடை வைத்திருந்த ஊரவரும், லொறிக்காரரும் நின்றார்கள். வானொலிப் பெட்டியும் ரேப் ரெக்கோடரும் ஒலிபெருக்கியும் வன்னிக்குள் வந்த கதையை எழுதப் புகுந்தால், அது பெரும்பாலும் இரவல் பெயர்களின் கதையாகவே அமைந்துவிடுகிறது.

இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் குடியேறிய கிளிநொச்சி விவசாயக் குடும்பங்களில் வானொலி என்பது 1950களிலும் ஓர் ஆடம்பரம்தான். மின்சாரம் எட்டாத ஊர்களில் வால்வு வானொலிக்குப் பெரிய உலர்மின்கலத் தொகுதிகள் வேண்டும். வீட்டுக்கு வெளியே உயரமான கம்பங்களில் வான்கம்பி கட்டவேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். டிரான்சிஸ்டர் வந்த பிறகே வானொலி வயலுக்கும் வாடிக்கும் போகத் தொடங்கியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையையும் திருச்சி வானொலியையும் கேட்டுக்கொண்டே சூடு மிதித்தவர்கள் வன்னியில் ஏராளம். ஒலிபெருக்கியின் வழி வேறு. அது கோயில்களின் மூலமாக வந்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல், புதூர் நாகதம்பிரான் பொங்கல், மடுத் திருவிழா ஆகியவற்றுக்கு ஒலியமைப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். ஆட்களும் கருவிகளும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்தன.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இதனால் பயனடைந்தவர்களுள் வடக்கின் விவசாயிகள் முதன்மையானவர்கள். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமற்போகவே, கிளிநொச்சி, முரசுமோட்டை, விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் உபஉணவுச் செய்கை பணம் கொழிக்கும் தொழிலாகியது. படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் விசுவமடுவில் காணி பெற்ற இளைஞர்கள் மிளகாய் விற்ற காசில் மோட்டார்சைக்கிள் வாங்கியதைப் பற்றி இன்றும் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஒரு விநோதம். மிளகாயை வெளியே நிறுத்திய அதே வேலிதான் ஜப்பானிய வானொலியையும் வெளியே நிறுத்தியிருந்தது. கையில் காசு இருந்தது. கடையில் பொருள் இல்லை.

1977 யூலையில் ஜே. ஆர். ஜயவர்தன பதவிக்கு வந்து கதவுகளைத் திறந்துவிட்டார். கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் நஷனல், சன்யோ, சோனி என்று பெட்டிகள் அடுக்கப்பட்டன. வானொலியும் கசெற்றும் ஒன்றாய் அமைந்த 'ரூ இன் வண்' வந்தது. அதே துறைமுகத்தில் இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்திறங்கின. வன்னி விவசாயியின் விலை விழுந்தது. வாங்க முடியாத காலத்தில் காசு வைத்திருந்தவர், கடையில் பொருள் நிறைந்தபோது கடனாளியாக நின்றார். திறந்த பொருளாதாரத்தைப் பற்றிக் கொழும்பில் எழுதப்பட்ட நூல்களில் இந்தப் பக்கத்துக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வன்னி வீடுகளுக்கு நல்ல ஒலிக்கருவிகள் வந்தது கடையிலிருந்து அல்ல, வெளிநாடு போன பிள்ளைகளிடமிருந்து. முதலில் மத்திய கிழக்கு. 1983 யூலைக்குப் பின்னர் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, பிரித்தானியா, கனடா. போனவர் முதலில் கடனை அடைப்பார். அடுத்ததாக அனுப்பும் பொருட்களில் ஒன்று பெரும்பாலும் ரேப் ரெக்கோடர். அதில் ஒரு காரணமும் இருந்தது. கடிதம் எழுதத் தெரியாத தாய், வெற்றுக் கசெற்றில் தன் குரலைப் பதிந்து அனுப்பலாம். மகனும் அவ்வாறே பதில் அனுப்புவான். இந்தக் குரற்கடிதங்கள் எத்தனை ஆயிரம் அக்காலத்தில் போய்வந்தன என்பதற்குக் கணக்கில்லை. மீந்தவை மிகச் சில.

பொதியின் மேல் எழுதப்பட்ட விலாசம் கிளிநொச்சியாக இருப்பது அரிது. தீர்வை கட்டவேண்டிய பொருள் கொழும்பில்தான் விடுவிக்கப்படும். சுங்கப் படிவங்களை நிரப்ப ஆங்கிலம் வேண்டும். அதிகாரிகளுடன் பேசச் சிங்களம் வேண்டும். இரண்டு மூன்று நாள் அலைய ஆள் வேண்டும். எனவே கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருந்த உறவினர் ஒருவரின் பெயரில் பொதி வந்தது. அவர் தீர்வை கட்டி, எடுத்து, யாழ்தேவி புகையிரதத்தில் வருபவர் ஒருவரிடம் கொடுத்துவிடுவார். சிலருக்குப் பெட்டி வந்து சேர்ந்தும் ஏமாற்றம் காத்திருந்தது. ஜப்பானில் அந்நாட்டு மக்களுக்கென்று செய்யப்பட்ட கருவி 100 வோல்ற்றில் இயங்குவது. இலங்கையின் 230 வோல்ற்றில் செருகிய கணத்திலேயே புகைந்துவிடும். மின்மாற்றி வைத்துத் தப்பினாலும், அந்நாட்டின் பண்பலை வரிசை 76 மெகாஹேட்ஸில் தொடங்கி 90இல் முடிந்துவிடும். நமது நிலையங்கள் பலவும் அதற்கு மேலே இருக்கின்றன. நல்ல பெட்டி, நல்ல ஒலி, ஆனால் கேட்க ஒன்றுமில்லை. இவற்றையெல்லாம் திறந்து சுருள்களை மாற்றிச் சரிப்படுத்தும் றேடியோ திருத்துநர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருந்தார்கள். அடுத்து வந்த பத்தாண்டு அவர்களுடைய கைத்திறனில்தான் ஓடியது.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கான புகையிரதம் வவுனியாவுடன் நின்றது. மின்சாரம் நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒன்று அறிவிக்கப்பட்டது. எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு அதில் உலர்மின்கலமும் இருந்தது. கண்ணிவெடியை வெடிக்கவைக்க மின்கலம் பயன்படும் என்பது பாதுகாப்பு அமைச்சின் நியாயம். அது பொய்யான நியாயமுமல்ல. ஆனால் கண்ணிவெடிக்குப் போன மின்கலங்கள் போய்க்கொண்டேயிருந்தன. இல்லாமற் போனது விதானையார் வீட்டு வானொலிக்கும் மருத்துவிச்சியின் கைவிளக்குக்கும்தான்.

பத்திரிகைக்காரர்களுக்கு அது இன்னொரு வகையில் தெரியும். அச்சுத்தாளுக்கும் தட்டுப்பாடு. யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் உண்டு. பத்திரிகை மெலிந்து போக, செய்தியின் பாரம் முழுவதும் வானொலியின் மேல் விழுந்தது. அந்த வானொலியை இயக்க மின்கலம் இல்லை.

உயிர்போன மின்கலத்தை வெயிலில் காயவைத்தார்கள். அடுப்புக்கு அருகில் சூடாக்கினார்கள். அடியில் துளையிட்டு உப்புநீர் ஊற்றினார்கள். இவற்றால் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பிறகு வந்தது சைக்கிள் டைனமோ. இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஒவ்வோர் ஊரும் ஒரு பெயரைச் சொல்லும். ஆனால் கணக்கு மிக எளிமையானது. நான்கு மின்கலம் போடும் வானொலிக்கு 1.5 வோல்ற் வீதம் 6 வோல்ற் வேண்டும். சைக்கிள் டைனமோவும் 6 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டதே. டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலி கேட்பது நேரோட்டம். எனவே பழுதான கருவிகளிலிருந்து கழற்றிய டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் இடையில் பொருத்தவேண்டும். கொள்ளளவி இல்லாவிட்டால் செய்தியாளரின் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, சுற்றிவர இருப்பவர்கள் கேட்பார்கள். இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை தொடங்கினால் அரை மணி நேரம் சுற்றவேண்டும். சுற்றுகிறவன் பெரும்பாலும் வீட்டின் இளையவன். அவன் கை களைத்தால் வானொலி மெல்ல அடங்கும். 'சுற்றடா' என்ற அதட்டல் எழும். கசெற் போட்டால் இன்னும் சிக்கல், சுற்றும் வேகம் குறைய மோட்டாரும் தளர்ந்து பாடகர் உறக்கத்தில் பாடுவதுபோல் இழுப்பார். கலியாண வீடுகளில் இதை வைத்துச் சிரித்தவர்களும் உண்டு.

சிரிப்புக்கு இடமில்லாத தேவை ஒன்று அதற்குள் இருந்தது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில் தங்கியவர்களில் பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். வன்னியில் தொலைபேசி இல்லை. கனடாவிலிருக்கும் மகனின் அழைப்பை எடுக்க, பாஸ் பெற்று, சோதனைச் சாவடிகளைத் தாண்டி வவுனியாவிலுள்ள தொடர்பு நிலையம் ஒன்றுக்கு வரவேண்டும். எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, யார் எங்கே என்பதை அறியச் சாதாரண குடும்பங்களுக்கு இருந்த வழி வானொலிதான். தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். 1990 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பின்னர் வன்னிக்கு இடம்பெயர்ந்த புலிகளின் குரலையும் கேட்டார்கள். ஒன்றில் கேட்டதை மற்றதில் வைத்து உரசிப்பார்க்கும் பழக்கம் வன்னியின் பாமர மக்களிடம் இருந்தது. ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது? இக்காலத்தில் விலாசம் இன்னும் பல துண்டுகளாக உடைந்தது. பாரிஸிலிருந்து கொழும்புக்கு ஒரு பெயரில். கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு இன்னொருவர் கையில். வவுனியாவிலிருந்து உள்ளே மூன்றாமவர் ஒருவரின் பயணப் பையில். வவுனியா ஒரு பெரிய இடைத்தரிப்பிடமாகியது. உறவினர்களின் அறைகளிலும் கடைகளின் பின்புறங்களிலும் உள்ளே போகக் காத்திருக்கும் பொதிகள் மாதக்கணக்கில் கிடந்தன. முதலில் தாண்டிக்குளம் ஊடான பாதை. 1997 மே 13ஆம் திகதி 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியதும் அது மூடப்பட்டது. பின்னர் மன்னார்ப் பக்கம் உயிலங்குளம், வவுனியாப் பக்கம் பிரமனாளங்குளம் என்று வாசல்கள் மாறின. ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு பையும் கொட்டப்பட்டுக் கிளறப்படும். வானொலிப் பெட்டி தப்பினாலும் அதற்குள் இருக்கும் மின்கலம் தப்பாது. மாவுக்குள்ளும் பழந்துணிக்குள்ளும் மின்கலத்தை மறைத்துக் கொண்டுபோனவர்கள் உண்டு. பிடிபட்டால் மின்கலத்தோடு போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பேனாவிளக்கின் இரண்டு சிறு மின்கலங்களுக்காக ஒருவர் புலிச் சந்தேகநபர் ஆகிவிடலாம்.

இந்த ஏற்பாட்டில் களவும் நடந்திருக்கும், இலாபமும் நடந்திருக்கும். உள்ளே ஒரு மின்கலத்தின் விலை வெளியே விற்றதைப்போலப் பலமடங்கு. ஆயினும் எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டும் இல்லாமல், முகம் தெரியாத மூன்று நான்கு பேரின் கைகளினூடாக ஒரு பெட்டி வந்து சேர்ந்தது என்பதே இன்று நினைத்துப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது. இன்றைய நிறுவனங்கள் ஒவ்வொரு பொதிக்கும் ஓர் இலக்கத்தைத் தந்து அது எங்கே நிற்கிறதென்று திரையில் காட்டுகின்றன. அன்று 'பொருள் வந்திட்டுது' என்று யாராவது சொல்லியனுப்பினால்தான் உண்டு.

2002 சனவரியில் பொருளாதாரத் தடையின் பெரும்பகுதி தளர்த்தப்பட்டது. பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஏப்ரல் 8ஆம் திகதி ஏ-9 பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. இரண்டு நாட்கள் கழித்துக் கிளிநொச்சியில் வே. பிரபாகரன் நடத்திய செய்தியாளர் மாநாட்டுக்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் பத்திரிகையாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒலிவாங்கிகளோடும் கமராக்களோடும் அப்பாதையால் போனார்கள். நேற்றுவரை மின்கலம் ஒன்று போகமுடியாத பாதை அது.

அதன்பின் பொருட்கள் பெருகி வந்தன. புலம்பெயர்ந்தவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் ஊருக்கு வந்தபோது டி.வி.டி. கருவியும் ஒலிபெருக்கிகளும் கொண்டுவந்தார்கள். கொழும்பில் சுங்கம், ஓமந்தையில் இராணுவச் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் சோதனையும் வரியும். ஒரே பொருளுக்கு இரண்டு அதிகாரங்கள் தீர்வை அறவிட்டன. இதைப்பற்றி வன்னி வியாபாரிகள் அந்நாளில் சத்தமாகப் பேசியதில்லை; மெதுவாகப் பேசினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் நான் மேலே சொன்ன நோர்வேப் பொதி வந்தது. புலிகளின் குரலுக்கு அரசாங்கம் ஒலிபரப்பு அனுமதி வழங்கியிருந்தது. அனுமதி பெற்ற நிலையம் கருவியைத் தருவிக்கலாம் என்பது தர்க்கம். ஆனால் பெறுநர் என்ற கட்டத்தில் எழுத, இலங்கைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் பெயரொன்று அந்த நிலையத்துக்கு இல்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி வானலை பரப்பும் கருவியைத் தருவிப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். தூதரகத்தின் விலாசம் இரவலாகப் பெறப்பட்டது. வெள்ளவத்தைச் சித்தப்பா செய்ததைத்தான் தூதரகமும் செய்தது என்று கேலியாகச் சொல்லத் தோன்றும். ஆனால் வேறுபாடு பெரிது. தூதரகத்தின் பெயருக்கு வரும் பொருளுக்குச் சர்வதேசச் சட்டம் தரும் சலுகைகள் வேறு. அதை மூன்றாந் தரப்புக்குக் கைமாற்றுவது கேள்விக்குரியதே. ஜனாதிபதியின் ஆட்சேபம் வெறும் அரசியல் மட்டுமன்று. அதேவேளை பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கத்துக்கும் ஜனாதிபதிக்கும் இடையிலிருந்த பகையே அந்தப் பொதியை அவ்வளவு பெரிதாக்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கருவிகளால் பலம்பெற்றது ஓர் இயக்கத்தின் வானொலி. வன்னிக்குள் இன்னொரு வானொலியையோ இன்னொரு கருத்தையோ அந்த இயக்கம் வைத்திருக்க விடவில்லை. கேட்பதற்கு மக்களுக்கு இருந்த தாகத்துக்கும், கேட்கச் செய்வதற்கு இயக்கத்துக்கு இருந்த தேவைக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடக் கூடாது. 1990களில் டைனமோ சுற்றியவன் தமிழோசையைத்தான் முதலில் தேடினான் என்பது பலருக்கு நினைவிருக்கும்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடப்பட்டது. வன்னிக்குள் போகும் பொருட்கள் மீண்டும் எண்ணப்பட்டன. 2007 நவம்பர் 27ஆம் திகதி, மாவீரர்நாள் உரை ஒலிபரப்பாவதற்குச் சற்று முன்னர், கிளிநொச்சியிலிருந்த புலிகளின் குரல் நிலையத்தின் மீது விமானப்படை குண்டுவீசியது. ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள்; அவர்களுள் மூவர் நிலையத்தின் பணியாளர்கள். யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகமாக அப்போதிருந்த கொய்ச்சிரோ மற்சூரா அதைக் கண்டித்து அறிக்கை விட்டார். ஒலிபரப்பு நிலையத்தில் வேலைசெய்பவர் பிரசாரகர் ஆனாலும் போராளி அல்லர் என்பதே அக்கண்டனத்தின் சாரம். எல்லாத் தரப்புக்கும் பொருந்தவேண்டிய அந்த விதியை இலங்கையில் எந்தத் தரப்பும் மதித்ததில்லை.

2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். 2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. அதன்பின் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருந்தார்கள். உழவு இயந்திரத்தில் ஏற்றிய தளபாடம் தருமபுரத்தில் குறைந்தது, விசுவமடுவில் குறைந்தது, புதுக்குடியிருப்புக்கு அப்பால் கையில் தூக்கக்கூடியதே மிஞ்சியது. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை வளவுகளில் கிடங்கு வெட்டிப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். சிறிய வானொலியைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். சேலைகளைத் தைத்து மண்மூட்டையாக அடுக்கிய பதுங்குகுழிகளுக்குள் அந்தப் பெட்டிகள் இருந்தன. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது நந்திக்கடலோரத்தில் விடப்பட்ட ஆயிரமாயிரம் பொருட்களுள் அவையும் அடங்கின. மீளக்குடியமர்ந்தபின் வளவைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது துருவும் கறையானும். ஒலிபெருக்கியில் கெடாதிருந்தது அதன் காந்தம் மட்டுமே என்று முள்ளியவளையில் ஒருவர் என்னிடம் சொன்னார். அதையும் பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்து எடுத்துக்கொண்டு போனாராம்.

பிறகு எல்லாவற்றையும் மீண்டும் தருவிக்க வேண்டியிருந்தது. இம்முறை அனுப்பியவர்கள் ஸ்காபரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் லா ஷப்பலிலும் இயங்கிய தமிழ்ப் பொதி முகவர்களிடம் போனார்கள். 'வீட்டு வாசல்வரை' என்பது அவர்களுடைய விளம்பரம். கடல்வழிப் பெட்டிக்கு நிறை பார்ப்பதில்லை. பெட்டியின் அளவுக்கே காசு. எனவே உடுப்பு, பால்மா, சொக்கிலேற் ஆகியவற்றின் நடுவே ஹோம் தியேட்டர் ஒன்று பாதுகாப்பாகப் படுத்துக்கொண்டு வரும். 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. மின்சாரமும் வந்தது. கோயில்களில் போட்டிபோட்டு ஒலிபெருக்கிகள் முழங்கத் தொடங்கின. பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் படும்பாட்டைப் பார்க்கையில், தடைசெய்யப்பட வேண்டியது எது என்று சிலவேளை எனக்கே ஐயம் எழுவதுண்டு.

இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒலியமைப்புத் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் இணையத்தில் ஏலம் பார்க்கிறார்கள். பிரித்தானியத் தேவாலயமோ பாடசாலையோ கழித்துவிட்ட ஒலிக்கலவைக் கருவி, இங்கே புதிதாக வாங்குவதைவிட மலிவாகக் கிடைக்கும். இடைநிறுவனத்தின் விலாசத்துக்கு அதை அனுப்புவிக்கிறார்கள். கணக்கு அவர்களுக்கு அத்துப்படி. வான்வழி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கிலோக்கணக்கு. உண்மை நிறையையும் இதையும் ஒப்பிட்டு எது கூடவோ அதற்கே கட்டணம். ஒலிபெருக்கிப் பெட்டி பெரும்பாலும் வெறும் காற்று. ஆகவே அதை வான்வழி எடுப்பது நட்டம். கலவைக் கருவியையும் ஒலிவாங்கியையும் எடுக்கலாம். கம்பியில்லா ஒலிவாங்கி என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்பார்கள், 1991ஆம் ஆண்டின் அதே சட்டம். லித்தியம் மின்கலம் உள்ள கருவியை விமானத்தில் ஏற்றத் தனி விதிகள். மின்கலத்துக்கும் வன்னிக்கும் உள்ள பகை இன்னும் தீரவில்லைப் போலும். அமெரிக்காவில் வாங்கினால் 120 வோல்ற், பார்த்து வாங்கவேண்டும். சுங்கத்தில் பொருளின் விலையோடு காப்புறுதியும் ஏற்றுகூலியும் சேர்த்தே தீர்வை மதிக்கப்படும். 2024 சனவரி முதலாம் திகதி 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதிசேர் வரி அதன்மேல்.

2020 ஏப்ரலில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2022 ஓகஸ்ட்டில் 300க்கு மேற்பட்ட பொருள்வகைகள் நிறுத்தப்பட்டன. கட்டுப்பாடுகள் 2023இல் படிப்படியாகத் தளர்ந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் இளைஞர்கள் பழைய கருவிகளைத் திறந்து திருத்தப் பழகினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் தந்தையர் சைக்கிள் டைனமோவுக்கு டயோட் ஒட்டிய கதை தெரியும் என்று நான் கேட்டுப் பார்ப்பதுண்டு. சிலருக்குத் தெரிகிறது. ஒருவர் வீட்டில் அந்த டைனமோ இன்னும் இருக்கிறது.

அவரிடம் பெறுநர் விலாசமாக எதை எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். கிளிநொச்சி விலாசத்தை எழுதலாம், அஞ்சற் குறியீடு 44000, தடையொன்றுமில்லை என்றார். ஆனால் பொதி கொழும்பில் மறிபட்டால் உடனே போய் நிற்க ஆள் வேண்டும். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் எடுத்துப் போய், படிவம் நிரப்பி, மறுநாளும் வரச்சொன்னால் எங்கே தங்குவது என்று கேட்டார். அதனால் வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மாவின் பெயரைத்தான் எழுதுகிறாராம். பெரியம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வருகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவர் கேட்பதில்லை. கையெழுத்து வைத்து எடுத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளி வைப்பார். அடுத்த முறை கொழும்புக்கு வரும் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.